மளிகைக்கடைக்காரரின் ஓட்டு

ஓட்டுக் கேட்டு வந்த நிலக்கிழார் புரூக்கிடம் மளிகைக்கடைக்காரர் மாவ்ம்ஸி நாட்டு நலனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தேர்தல் சீர்திருத்தம் வந்தால் தன் கல்லாவும் கணக்குப் புத்தகமும் என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. சீர்திருத்தக்காரரும் அவரிடம்தான் சர்க்கரை வாங்குகிறார், எதிர்ப்பவரும் அவரிடம்தான் வாங்குகிறார்.

ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் வரும் காட்சி இது. மாவ்ம்ஸியின் பயத்துக்குக் காரணம் உண்டு. கதை நடக்கும் 1830 வாக்கில் இங்கிலாந்தில் ஓட்டு ரகசியம் அல்ல. எல்லார் முன்னிலையிலும் வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று அச்சிட்டு விற்பதும் உண்டு. சிறு நகரத்தில் அரசியல் என்பது வாடிக்கையாளர், வீட்டுச் சொந்தக்காரர், கடன் கொடுத்தவர் ஆகியோர் முகத்தில் மறுநாள் விழிப்பது.

எலியட்டுக்கு இந்த உலகம் பிறந்த வீட்டுச் சங்கதி. மேரி ஆன் எவன்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1819இல் வார்விக்‌ஷரில் நனீட்டன் அருகே பிறந்தார். தந்தை ஒரு பெரிய எஸ்டேட்டின் காரியஸ்தர். அவர் சிறுமியாக இருந்தபோது, ஆளில்லாத ஊர்களுக்கு எம்.பி.யும், மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களுக்கு ஒருவரும் இல்லாத நிலையை 1832 சீர்திருத்தச் சட்டம் மாற்றத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் நனீட்டனில் கலவரம் வெடித்தபோது மேரிக்கு வயது 13. 1866இல் வந்த ‘பீலிக்ஸ் ஹோல்ட்’ நாவலில் அந்தக் கலவரத்தின் சாயல் தெரியும்.

‘மிடில்மார்ச்’சில் கலவரம் இல்லை, கேலி உண்டு. ஷெர்ரி மதுவின் தெம்பில் பேச நிற்கும் புரூக்குக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. எதிரே அவரைப் போலவே வரைந்த உருவம் எழும்புகிறது. ஒரு குரல் அவர் சொல்வதை அப்படியே கிளிப்பிள்ளையாய்த் திருப்பிச் சொல்கிறது. முட்டைகள் முதலில் உருவத்தின் மேல், பிறகு அவர் மேலேயே பறக்கின்றன. அத்தோடு அவருடைய தேர்தல் ஆசை முடிந்தது.

தேர்தலில் தோற்கும் அவமானத்தை இன்னொரு நாவலாசிரியரான ஆன்டனி ட்ரோலோப் பட்டே தெரிந்துகொண்டார். பார்செட்‌ஷர் என்ற கற்பனை மாவட்டத்தை ஆறு நாவல்களில் எழுதிய இந்தத் தபால் துறை அதிகாரி, வேலையை விட்டபின் 1868இல் யார்க்‌ஷரின் பெவர்லியில் லிபரல் வேட்பாளராக நின்றார். நால்வரில் கடைசி இடம். ஊழல் விசாரணைக்குப் பின் 1870இல் அந்த ஊரின் தொகுதியே பறிக்கப்பட்டது. அந்த அனுபவம் ‘ரால்ஃப் த ஏர்’ நாவலில் பெர்சிகிராஸ் என்ற ஊரின் தேர்தலாக உருமாறியது.

‘மிடில்மார்ச்’ 1871 கடைசியிலிருந்து எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. அது முடிவதற்குள், 1872 ஆகஸ்டில், யார்க்‌ஷரின் பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில், பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாக ரகசிய ஓட்டு விழுந்தது. அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போன ஊர் அது. ஓட்டுப்பெட்டியின் அரக்கில் பதித்ததும் மிட்டாயில் குத்தும் முத்திரையைத்தான்.