மதிப்பெண்ணுக்குத் தெரியாத பாம்புக்கடி

கூடுவாஞ்சேரி இருக்கும் செங்கல்பட்டு மாவட்டம் கட்டுவிரியன் வாழும் மண். வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்துக்காக நஞ்செடுக்கும் நான்கு வகைப் பாம்புகளில் இதுவும் ஒன்று. தரையில் படுத்துறங்குபவரை இரவில் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு முட்டும்.

இப்படி ஐசியூவுக்கு வருபவருக்கு 'அப்பாச்சி-2' மதிப்பெண் போட்டால் என்ன ஆகும்? இரத்த அழுத்தம், காய்ச்சல், கிரியாட்டினின் என 12 அளவீடுகளில் முதல் 24 மணி நேரத்தின் மிக மோசமான எண்களை எடுத்து, வயதையும் பழைய நோய்களையும் சேர்த்து, இறப்புக்கான வாய்ப்பைக் கணிக்கும் முறை இது. உச்ச மதிப்பெண் 71. கூடக் கூட ஆபத்து.

சுயநினைவும் அந்த 12இல் ஒன்று. அதை அளப்பது 15இலிருந்து 3 வரை இறங்கும் கிளாஸ்கோ அளவுகோல். அதில் குறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் அப்பாச்சியில் ஒன்று கூடும். கட்டுவிரியன் நஞ்சு முடக்குவது தசைக்குக் கட்டளை கடத்தும் நரம்பு முனையை, மூளையை அல்ல. கண் திறக்காது, வாய் பேசாது, கை அசையாது. எனவே கிளாஸ்கோ 3, அப்பாச்சியில் 12 கூடுதல். ஆனால் சுற்றி நிற்பவர்கள் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும்! வென்டிலேட்டர் சில நாள் தாங்கினால் எழுந்து நடந்தே வீடு போகக்கூடியவர்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கிருமித்தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்தவரை ஜிஎஸ்டி சாலையில் உள்ள சிறிய மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சலைனும் மருந்தும் ஏற்றி, ஓரளவு தேற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பதிவாவது தேறிய எண்கள்தான். மதிப்பெண் குறைகிறது, ஆபத்து குறையவில்லை.

1985இல் வெளியான இந்த முறை, 13 அமெரிக்க மருத்துவமனைகளின் 5,815 நோயாளிகளை வைத்து உருவானது. அந்த நாட்டில் கட்டுவிரியன் கிடையாது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. 30 சதவீத ஆபத்து என்றால், அதே நிலையிலுள்ள நூறு பேரில் சுமார் முப்பது பேர் இறக்கலாம் என்று பொருள். அந்த முப்பதில் நம் ஆள் இருக்கிறாரா என்பதைக் கணக்கு சொல்லாது. ஒரு ஐசியூவில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் இறக்கிறார்களா என்று சோதிக்கத்தான் இது ஏற்ற கருவி. ஒருவருக்கு வென்டிலேட்டரை நிறுத்தலாமா என்று தீர்மானிக்க அல்ல.

ஆறு உறுப்புகளின் நிலையை நாள்தோறும் அளக்கும் 'சோஃபா' போன்ற முறைகளில், ஒரு நாள் எண்ணைவிட ஏற்ற இறக்கமே அதிகம் சொல்லும். ஆகவே மருத்துவரிடம் "எத்தனை சதவீதம்?" என்பதோடு "நேற்றைக்கு இன்று எப்படி?" என்றும் கேளுங்கள். மாற்றி அனுப்பும்போது முதல் மருத்துவமனையின் ரெஃபரல் சீட்டை மறக்காமல் கொடுங்கள். சிகிச்சைக்கு முந்தைய எண்கள் அதில்தான் இருக்கும்.