கோவில்பட்டியின் ஹாக்கிக் கழகங்கள்

தீப்பெட்டித் தொழிலுக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்றது தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி. அவ்வூருக்கு மூன்றாவது அடையாளம் ஒன்றும் உண்டு, அது ஹாக்கி. மழை குறைந்த கரிசல் பூமியில் இவ்வாட்டம் தழைத்ததற்கு அங்குள்ள சிறு கழகங்களே அடிப்படை எனலாம்.

உள்ளூர்க் கழகம் என்பது ஆட்டக்காரர்களின் குழு மட்டுமன்று. மூத்தோர் இளையோருக்குப் பயிற்சி அளிப்பதும், ஒருவர் பயன்படுத்திய மட்டை அடுத்தவர் கைக்கு மாறுவதும், போட்டிச் செலவை ஊரார் பகிர்ந்துகொள்வதும் அதன் இயல்பு. ரயில்வே, காவல்துறை போன்றவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே வேலை பெறும் வாய்ப்பும் எளிய குடும்பங்களை இதன்பால் ஈர்க்கிறது.

ஆயினும், 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் புகுந்தபின் நிலைமை மாறியது. மண் தரையில் பந்து துள்ளும். நீர் தெளித்த செயற்கைத் தளத்தில் வழுக்கி விரையும். ஒன்றில் பழகிய கால்கள் மற்றதில் தடுமாறும். பெருஞ்செலவு பிடிக்கும் இத்தளத்தைச் சிறு கழகம் தானே அமைத்தல் இயலாது. இங்குதான் அரசின் பங்கு தொடங்குகிறது. கோவில்பட்டியில் செயற்கைத் தளமும் அரசின் சிறப்புப் பயிற்சி மையமும் அமைந்தன. அங்குப் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும், 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினர்.

தளத்தை அரசு தரலாம். மாலைதோறும் சிறுவர்களை அத்தளத்திற்கு அழைத்து வருவது கழகமே. ஒன்றைப் பேணி மற்றதைக் கைவிட்டால் இரண்டும் பயனின்றிப் போகும்.