வெள்ளைக் கல்லும் ஆதி மனிதனும்

கான் வெட்டும்போது மண்வெட்டியில் வெள்ளைக் கல் தட்டுப்பட்டால் தூக்கி வீசிவிடுகிறோம். அந்த மாதிரிக் கற்களைத்தான் மஸ்கெலியாவில் தேயிலைத் துரையாக இருந்த ஜோன் போல் பொறுக்கிச் சேர்த்தார். 1885 அளவில் அவரும் ஈ.ஈ. கிரீன் என்பவரும் இவை ஆதி மனிதனின் ஆயுதங்கள் என்றார்கள். பலர் நம்பவில்லை. மேலே கிடந்த கல்லுக்கு யார் வயது சொல்வது?

1907இல் சுவிஸ் நாட்டுச் சரசின்மார் இருவர் நில்கலக் குகையைத் தோண்டினார்கள். எங்கள் கல்முனைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தரும் கல்லோயாவின் மேற்புறம் அது. அங்கே மண்ணுக்குள்ளேயே கற்கருவிகள் அகப்பட்டன. பிறகுதான் பேச்சு அடங்கியது.

தோண்டுகிறவர்கள் அவசரப்படுவதில்லை. கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, சிறு கரண்டியால் படை படையாகச் சுரண்டி, மண்ணைச் சல்லடையில் அரிக்கிறார்கள். எது எந்த ஆழத்தில் கிடந்தது என்று எழுதி வைக்கிறார்கள். பக்கத்தில் கிடக்கும் அடுப்புக்கரியைச் சோதித்தால் வயது தெரியும். குருவிட்டப் பக்கத்துப் பட்டதொம்பலெனக் குகையில் அகப்பட்ட சிறு கருவிகள் 30,000 வருடத்துக்கு மேற்பட்டவை!

வெள்ளைக் கல் எல்லாம் ஆயுதம் அல்ல. கத்தி மாதிரி விளிம்பு தட்டிய சின்னக் கற்கள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் கை வைக்காமல் எங்களிடமோ கிராம சேவகரிடமோ சொல்லுங்கள். புதையல் என்று இரவில் தோண்டுவது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம்.