பட்டாவில் ஏர், பேச்சில் சென்ட்!

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில் ஏதாவதோர் ஊரில் இறங்கி, மல்லாட்டை பயிரிட்டிருக்கிற ஒரு பெரியவரைக் கேளுங்கள்: "ஐயா, நிலம் எவ்வளவு?" "ஒரு ஏக்கர்" என்பார். பட்டாவை எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் ஏக்கரும் இராது, சென்ட்டும் இராது. 0 - 40.50 என்று இருக்கும். ஹெக்டேர், ஏர் கணக்கு! "நாற்பது சென்ட்தானே போட்டிருக்கிறது?" என்று ஒரு தரகன் சொன்னால், எழுத்துக்கூட்டிப் படிக்கிற அந்த மனிதர் எந்தக் கணக்கைக் கொண்டு மறுப்பார்?

இதனால் நாம் மெட்ரிக் முறையைப் பழிக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். பழைய அளவைகளின் யோக்கியதை நமக்குத் தெரியாததா? வீசை, பலம், சேர், தோலா, படி, மரக்கால் என்று ஊருக்கு ஓர் அளவு. ஊருக்குள் ஆளுக்கு ஓர் அளவு. களத்தில் உழவனிடம் வாங்கும்போது படி கும்பாச்சியாகக் குவியும். அதே தானியம் கடையில் கூலிக்காரனுக்கு விற்கும்போது தலை தட்டி வரும். குவித்ததற்கும் தட்டியதற்கும் நடுவே எத்தனை மாடி வீடுகள் எழும்பின!

1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. பதினாறு அணா ரூபாய் நூறு காசு ஆயிற்று. அணாவுக்கு ஆறேகால் காசு. அந்தக் கால் காசுக்கு நாணயம் ஏது? ஓரணாவுக்கு 6, மூன்றணாவுக்கு 19 என்று அரசாங்கம் அட்டவணை போட்டுக் கொடுத்தது. ஓரணாத் தேநீருக்கு ஏழு காசு கேட்டால், நாலு கோப்பைக்கு 28 காசு. பழைய நாலணாவோ 25 காசுதான். மூன்று காசு அற்பம் என்பார்கள், அன்றாடக் கூலிக்கு உழைக்காதவர்கள்.

1958 அக்டோபரில் கிலோ வரத் தொடங்கி, 1962 ஏப்ரலில் கட்டாயமாயிற்று. ஒரு கிலோ நானூறு கிராம் அளவுள்ள வீசை கடைத்தெருவை விட்டுப் போயிற்று. ஆனால் வாய்மொழி அவ்வளவு சீக்கிரம் சட்டத்துக்குக் கீழ்ப்படியுமா? 1967 தேர்தல் மேடைகளிலே முழங்கியது "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்பதுதான். கிலோ என்று சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்குமோ என்னவோ!

இன்றும் பூ முழத்தில், தங்கம் சவரனில். அதனால் குடி முழுகவில்லை. சவரன் என்றால் எட்டு கிராம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபத்து மண்ணிலே இருக்கிறது.

பட்டா ஹெக்டேரில் பேசுகிறது. உழவன் சென்ட்டில் பேசுகிறான். சென்னை-திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் மனை போடுகிறவன் சதுர அடியில் பேசுகிறான். மூன்று பாஷையும் தெரிந்தவன் தரகன் ஒருவனே! தோழர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்: ஏரை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட். நாற்பதரை ஏர் என்பது நூறு சென்ட், முழுசாக ஓர் ஏக்கர். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 436 சதுர அடி.

நிலமில்லாதவனுக்கும் இந்த வம்பு உண்டு. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் முதல் கட்டமாகத் தொடங்கிய ஆறு தமிழக மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஏரியில் வெட்டிய மண்ணை அளந்து கூலி என்றார்கள். அளவு கன மீட்டரில். "மீட்டர் என்றால் மூணு அடிதானே?" என்று நினைத்தவர் கதை என்ன? மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் வெட்டினால் 27 கன அடி. ஒரு கன மீட்டரோ 35 கன அடிக்கும் மேல். முழுக் குழி வெட்டிவிட்டதாக மண்வெட்டியைக் கீழே வைத்தவரின் கணக்கில் முக்கால் குழிதான் ஏறும். வெயிலில் வியர்வை சிந்திய பெண்கள், "கூலியைக் குறைத்துவிட்டார்களே!" என்று குமுறினால், அளந்தவர் புத்தகத்தைக் காட்டுவார். புத்தகத்தில் பிழை இராது! மீட்டருக்கு மூன்றடி மூன்றேகால் அங்குலத்துக்கும் சற்று மேல் என்று வேலைக்கு இறங்குமுன் சொல்லியிருக்க வேண்டாமா?

அடுத்த கிளைக் கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் ஊராரின் பட்டாக்களை எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொன்றையும் சென்ட்டுக்கு மாற்றி, பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு டேப்பும் கையில் இருக்கட்டும். அதன் ஒரு விளிம்பில் இன்ச், மறு விளிம்பில் சென்டிமீட்டர். நம் கொத்தனார்கள் இன்ச் பக்கத்தையே பார்த்துப் பழகியவர்கள். குழி அளக்கும் இடத்தில் மட்டும் அதைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள்.