கோழிக்குப்பை, போர்த்தண்ணீர், கறுக்கும் தக்காளி

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டி வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு விலை மறுபடி வராதா என்ற எதிர்பார்ப்பில்தான் பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டை வட்டாரத் தோட்டங்களில் தை, மாசியிலேயே குழித்தட்டு நாற்று இறங்கிவிடுகிறது. பறிப்புக்கு வருகிற பங்குனி, சித்திரையில் வெயிலோடு பூச்சியும் சேர்ந்து வருகிறது. வெள்ளை ஈ, இலைப்பேன், காய்ப்புழு என்று பழைய கணக்கு ஒரு பக்கம். 2014-ல் மராட்டியத்தில் முதன்முதலாகத் தென்பட்டு, அதன்பின் தெற்கே இறங்கிய ஊசிப்புழு இன்னொரு பக்கம். "மருந்தடிச்சும் கேக்கலீங்க" என்பது இந்தப் பக்கத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கிற பேச்சு.

பூச்சிக்கும் நோய்க்கும் செய்ய வேண்டியவை பலருக்கும் தெரிந்தவைதான். நாற்றங்காலுக்கு நைலான் வலை, வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம், மஞ்சள் ஒட்டுப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல், வேருக்கு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதும் இதைத்தான். இவற்றைச் செய்தும் செடி நிற்கவில்லை என்கிறவர்களின் தோட்டத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இலையை அல்ல, வரப்போரம் குவிந்து கிடக்கும் குப்பையை.

நாமக்கல்லில் முட்டைக்கு விலை வைப்பதுபோலக் கறிக்கோழிக்கு விலை வைக்கும் ஊர் பல்லடம். சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணை இல்லாத கிராமத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொட்டகையில் தென்னை நார்த்தூளைப் பரப்பி, அதன்மேல் குஞ்சு விடுகிறார்கள். 40, 45 நாளில் எடை வந்து கோழி பிடித்துப் போனபின், எச்சமும் நார்த்தூளும் தீவனச் சிதறலும் கலந்த குப்பை மிஞ்சுகிறது. மாடு குறைந்துபோன ஊரில், ஆட்டுப்பட்டி போடுகிறவர்களும் அருகிவிட்ட நிலையில், கூப்பிட்ட மறுநாளே வாசலுக்கு வந்து சேரும் எரு இது ஒன்றுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டுக்குப்பையில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் இதில் ஏறத்தாழ 3 சதவீதம். முறையாக மக்கவைத்துப் போட்டால் வேர்முடிச்சு நூற்புழுகூடக் குறையும்.

மக்கவைக்காமல் போடுவதுதான் என் கவலை. கொட்டகையிலிருந்து நேராக வந்த குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், முழங்கை வரை சுடும். மூக்கை எரிக்கிற அமோனியா நெடி வரும். அந்தச் சூட்டோடு கோடை உழவில் பரப்பி, பத்து நாளில் நாற்று நடுகிறார்கள். ஏக்கருக்கு 10 டன் மாட்டுக்குப்பை கொடுக்கிற தழைச்சத்து 50 கிலோ. 3 டன் கோழிக்குப்பையில் 90 கிலோ வந்துவிடுகிறது. அதுவும் மாட்டுக்குப்பை போல நிதானமாக இல்லாமல் முதல் சில வாரங்களிலேயே பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும். அதற்கு மேல் சொட்டுநீரில் யூரியா வேறு. செடி கருகருவென்று தளதளத்து நிற்கும்போது மனசு குளிரத்தான் செய்யும். அந்த இளசான, சாறு மிகுந்த இலைதான் வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் விருந்து. வெள்ளை ஈ தக்காளிக்கு இலைச்சுருட்டு வைரஸையும் வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமலையும் கொண்டுவரும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. வந்த செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

"ஹைபிரிட் ரகத்துக்குத் தீனி போட்டாத்தான் காய் புடிக்கும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. வீரிய ஒட்டு ரகத்துக்குச் சத்து அதிகம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குப்பையோடு வருவது சத்து மட்டுமா? கோழித் தீவனத்தில் சேர்க்கிற உப்பிலும் தாதுக்களிலும் உடம்பில் சேராதது எச்சத்தில் வெளியேறுகிறது. கழுவாத நார்த்தூளிலும் உப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து வயலுக்கு வருகிறது. அங்கே அதற்காகக் காத்திருப்பது போர்த்தண்ணீர்.

பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். மண்டலத் தண்ணீர் இல்லாத மாதங்களில் கிணறும் போரும்தான். 1,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்ட போர்களில் பலவற்றின் தண்ணீரில் உப்பு கூடுதல். சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைப்பதும், மாதம் ஒருமுறை ஆசிட் விட்டுக் கழுவுவதும் சாதாரண வேலையாகிவிட்டன. குழாயைக் கழுவ ஆசிட் இருக்கிறது, மண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லையே! கோடை வெயில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை மேலே விட்டுவிடுகிறது. சொட்டு விழுந்து நனைகிற வட்டத்தின் விளிம்பில் வெள்ளை பூத்துக் கிடப்பது அதுதான்.

ஒவ்வொரு பயிருக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. மண் கரைசலின் மின்கடத்தும் திறனை வைத்து இதை அளக்கிறார்கள். தக்காளி 2.5 டெசிசைமன் வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் விளைச்சலில் சுமார் 10 சதவீதம் போய்விடும். மிளகாயின் எல்லை 1.5. வெங்காயம் 1.2-லேயே சுணங்கிவிடும், இழப்பும் 16 சதவீதம். நல்ல விதை, நல்ல மருந்து எல்லாம் இருந்தும் சின்ன வெங்காயம் திரளவில்லை என்றால், நுனி கருகல் நோயென்று மருந்துக்கடைக்கு ஓடும் முன் இந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

தக்காளியில் உப்பின் பாதிப்பு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். காய் எலுமிச்சை அளவை நெருங்கும்போது காம்புக்கு எதிர்ப்புறம், பூ உதிர்ந்த முனையில் நீர் கோத்த ஒரு சின்ன வட்டம் விழும். சில நாளில் அது பழுப்பாகி, பிறகு கறுத்துக் குழிந்து தட்டையாகும். அமுக்கினால் கெட்டியாக இருக்கும், ஆரம்பத்தில் அழுகல் வாடை இருக்காது. முதல் கொத்துகளில்தான் அதிகம். கடையில் காட்டினால் பெரும்பாலும் பூஞ்சாண மருந்துதான் கிடைக்கும். ஆனால் இது பூஞ்சாணமே இல்லை, காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத கோளாறு. இந்த வட்டார மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சம் உண்டா? தோண்டினால் சுக்காம்பாறை. மண்ணில் இருப்பதை வேர் இழுக்க முடியவில்லை. உப்பு மிகுந்தால் வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். தண்ணீரோடுதான் சுண்ணாம்பும் ஏற வேண்டும். பச்சைக் கோழிக்குப்பையிலிருந்து வருகிற அமோனியா அதோடு போட்டி போட்டு வேருக்குள் முதலில் நுழைந்துகொள்ளும். மூன்று நாள் காயப்போட்டு நான்காம் நாள் வெள்ளமாகத் தண்ணீர் விடுகிற பழக்கமும் சேர்ந்தால் கொத்துக் கொத்தாகக் கறுக்கும். அந்தக் காய் பெட்டிக்குப் போகாது, பறித்து வரப்பில் கொட்ட வேண்டியதுதான்.

இன்னொன்றையும் கவனிப்பதில்லை. காரத்தன்மை மிகுந்த இதே தண்ணீரைத்தான் மருந்து டேங்கிலும் ஊற்றுகிறோம். சில மருந்துகள் அப்படிப்பட்ட தண்ணீரில் நேரம் ஆக ஆகச் சிதைந்து வீரியம் இழந்துவிடும். காலையில் கலக்கி மாலையில் அடித்தால் புழு எப்படிச் சாகும்? அடிக்கிற மருந்துக்காவது மழைநீரோ வாய்க்கால் தண்ணீரோ தனியாகச் சேமித்து வைக்கலாம்.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலையும் இல்லை. வெங்காயத் தாள், மக்காச்சோளத் தட்டு எதையாவது கலந்து, நிழலில் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் கோழிக்குப்பையின் சூடும் நெடியும் அடங்கும். அதிலும் ஏக்கருக்கு 2 டன்னுக்கு மேல் வேண்டாம் என்பேன். தை நடவுக்கு ஐப்பசியிலேயே குப்பை வந்துவிட வேண்டும். குப்பையில் மொய்க்கும் ஈக்கு அஞ்சி ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவதும் மக்கவைப்பதால் குறையும். பாத்திக்கு மேல் சோளத்தட்டை மூடாக்காகப் போட்டால் ஆவியாவது குறைந்து உப்பு மேலேறுவதும் மட்டுப்படும். ஜிப்சம் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. வெறும் உப்பு மண்ணில் அதுவும் ஓர் உப்புதான். எது எந்த மண் என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் சொற்பக் கட்டணத்தில் சொல்லிவிடுவார்கள். மண்ணோடு ஒரு பாட்டில் போர்த்தண்ணீரையும் கொண்டுபோங்கள்.

உப்பைக் கீழே இறக்க நல்ல தண்ணீர் ஒன்றுதான் வழி. மண்டலத் தண்ணீர் வரும்போது காய்கறி நட அவசரப்படாமல், முதல் இரண்டு நனைப்பைப் பாத்தி கட்டி நிறுத்தி இறக்கிவிட வேண்டும். சித்திரையில் பெய்கிற முதல் மழையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மழை வந்துவிட்டதே என்று எல்லோரும் மோட்டாரை நிறுத்துகிறார்கள். அந்தக் கொஞ்ச மழை, வட்டத்தின் விளிம்பில் பூத்த உப்பைக் கரைத்து நேராக வேருக்குத் தள்ளும், மறுநாள் செடி வாடும். கரண்ட் இருந்தால், மழை நன்றாக ஊறும்வரை சொட்டுநீரை ஓடவிடுங்கள். உள்ளிருந்து வருகிற தண்ணீர் அந்த உப்பை வேருக்கு வராமல் வெளியே தள்ளி வைக்கும்.