இரவல் பொருளும் மாணவர் கண்காட்சியும்

குப்பத்திலிருந்து பலமநேர் செல்லும் சாலையில் அமைந்த சாந்திபுரம், மூன்று மாநில எல்லைகளுக்கு அருகில் உள்ளது. இப்பகுதி இல்லங்களின் பரண்களைத் துழாவினால் பழைய செப்புக்காசு, மரக்கால், ஓலைச்சுவடி என ஏதேனும் ஒன்று கைக்குக் கிட்டலாம். அவற்றைத் திரட்டி, நம் பள்ளி மாணவர்களே ஓர் அருங்காட்சியகக் கண்காட்சியை அமைக்க இயலுமா? இயலும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு.

இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் 2010-ஆம் ஆண்டு தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டது. அதன் மாணவர்கள் கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கப் பழகினர். தம் ஊர்ப்புறத்தில் பானை ஓடுகளையும் பழங்காசுகளையும் தேடி அடையாளம் கண்டனர்; திரட்டியவற்றைக் காட்சிக்கும் வைத்தனர்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் 1928-இல் தற்காலக் கலைக்கென ஒரு சங்கம் அமைத்தனர். கூட்டுறவுப் பண்டகசாலையின் மாடியில் இரண்டு அறைகளை எடுத்து, 1929 பிப்ரவரியில் முதல் கண்காட்சியைத் திறந்தனர். சொந்தச் சேகரிப்பு இல்லாமையால், பிறரிடம் இரவல் பெற்ற படைப்புகளைக் கொண்டே கண்காட்சிகளை நடத்தினர். அவர்களுக்குத் துணை நின்ற பேராசிரியர் பால் சாக்ஸ், குடும்ப வங்கித் தொழிலை விட்டு 1915-இல் அருங்காட்சியகப் பணிக்கு வந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இரவல் வந்தால் கணக்கும் உடன் வர வேண்டும். மாணவர் குழு முதலில் ஒரே கருப்பொருளைத் தேர்ந்துகொள்ளட்டும். 'நம் ஊரின் அளவைகள்' என்பது போதும். இருபது பொருள்களுக்கு மேல் வேண்டா. மேசை, விளக்கு, அச்சு, வண்டிச் சத்தம் ஆகியவற்றுக்கு வரவு செலவுத் திட்டம் எழுதி, பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கலாம்.

எல்லாவற்றினும் முதன்மையானது பதிவேடு. பொருளின் வரிசை எண், உரிமையாளர் பெயர், அளவு, முன்பே உள்ள விரிசல் அல்லது கறை, பெற்ற நாள், திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். இரு புறமும் புகைப்படம் எடுத்து, ஒப்பமிட்ட ரசீதை உரிமையாளரிடம் அளிக்க வேண்டும். இப்பொறுப்பை ஒரே மாணவரிடம் ஒப்படைப்பது நலம். ஒரு மூதாட்டி தந்த சுவடியின் ஓர் ஏடு தொலைந்தாலும், அடுத்த ஆண்டு அத்தெருவில் எவரும் எதையும் தரமாட்டார்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், காசு போன்றவையும், எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருள்கள் ஆகும். மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். ஆகவே, தோண்டி எடுத்தவற்றை மாணவர்கள் தாமாகக் காட்சிக்கு வைத்தல் கூடாது.

நிறைவு நாளில் பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டாடுமுன் பதிவேட்டை விரியுங்கள். ஒவ்வொரு பொருளையும் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, உரிமையாளரின் இல்லத்திற்கே கொண்டு சென்று, திரும்பப் பெற்றமைக்கு ஒப்பம் வாங்குங்கள். கடைசி ஒப்பம் விழும் வரை கண்காட்சி முடியவில்லை. நம்பிக்கையைக் காக்கும் இப்பழக்கத்தை நம் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே கற்றுக்கொள்வார்களாயின், அதுவே அக்கண்காட்சியின் பெரும்பயன்.