விமானியறைக்கு வரும் வானிலைச் செய்தி

பெருங்கடலுக்கு மேலாகப் பறக்கும் விமானியிடம், முன்னால் இடிமுகில்கள் திரண்டுள்ளன என்று எவ்வாறு அறிவிப்பது? கரையிலிருந்து சில நூறு கிலோமீற்றர் கடந்ததும் வழமையான வானொலி அலைகள் எட்டுவதில்லை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். நெடுந்தூர வானொலியிலோ இரைச்சல் மிகுதி.

1978 இல் அமெரிக்காவில் அறிமுகமான 'ஏகார்ஸ்' முறைமை எழுத்து வடிவச் செய்திகளை விமானத்துக்கும் தரைக்கும் இடையே பரிமாறுகிறது. புறப்பட்ட, தரையிறங்கிய நேரங்களைத் தானாகவே நிறுவனத்துக்கு அறிவிப்பதே அதன் தொடக்க காலப் பணி. பின்னரே வானிலை அறிக்கைகளும் அதில் சேர்ந்தன. செய்மதியின் துணையால் நடுக்கடலிலும் அது பயன்படலாயிற்று.

2009 ஜூன் 1 ஆம் திகதி, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற எயார் பிரான்ஸ் 447 விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்து 228 பேர் மாண்டனர். வழியில் இடிமுகில் மண்டலம் இருப்பதாக, விபத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னரே தரையிலிருந்து அவ்விமானத்துக்குச் செய்தி வந்திருந்தது. ஆனால் எழுத்துச் செய்தி எச்சரிக்குமேயன்றி, எந்த முகில் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று காட்டாது. அதற்கு விமானத்தின் ராடாரையே நம்ப வேண்டும். அன்றிரவு அப்பகுதியில் பறந்த வேறு விமானங்கள் தடம் விலகிச் சென்றன. 447 இன் விமானிகளோ சற்று இடப்புறம் திருப்பியதுடன் தொடர்ந்தனர்.

பனிப் பளிங்குகள் வேகமானியின் குழாய்களை அடைக்க, தன்னியக்கச் செலுத்தி விடுபட்டது. நான்கரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்த நிமிடங்களில் 24 ஏகார்ஸ் செய்திகள் பாரிஸுக்குப் பறந்தன. அவை பராமரிப்புப் பிரிவுக்கான பழுதுக் குறிப்புகள். அபாய மணி அல்ல. எனினும், கறுப்புப் பெட்டிகள் கடலடியிலிருந்து மீட்கப்பட்ட 2011 வரை, ஆய்வாளருக்கு விபத்தின் போக்கை உணர்த்திய முக்கிய சான்று அவையே.

இப்பொழுது எழுத்துடன் ராடார் படங்களும் விமானியறைக்கு வருகின்றன. பார்வைக்கு நேரலைபோல் தோன்றும் இப்படங்களைப் பற்றி அமெரிக்காவின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012 இல் விமானிகளை எச்சரித்தது: திரையில் குறிக்கப்படும் நேரத்தைவிடப் படம் 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம். அதற்குள் முகில் நகர்ந்துவிடும். படத்தில் தெளிவாகத் தெரிந்த இடைவெளியும் மூடிவிடும்.